உட்கார வைத்த மரியாதை

என்னை உட்கார வைத்தது என் மகன்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊரில் வேறு எந்தத் தாய்க்குக் கிடைத்தது இந்த யோகம் என்று நானே பல பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

அவனுக்குக் குடவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. வேலை நிலைத்ததும் கூரையைப் பிரித்து மாடி வீடு கட்டினான். குடிபோன அன்று கும்பகோணத்திலிருந்து ஒரு நாற்காலி வந்து இறங்கியது. பஞ்சு வைத்து, சாய்ந்துகொள்ள வாகாக இருந்தது. வாசலைப் பார்த்தாற்போல் அதைப் போட்டு, என் தோளை அமுக்கி உட்கார வைத்தான்.

“இனிமே நீ சேத்துல கால வெக்கக் கூடாதும்மா. நூறு நாள் வேலைக்கும் போகக் கூடாது. உக்காந்து சாப்புடு. அதுக்குத்தான நான் படிச்சேன்” என்றான்.

மற்றவர்களுக்கு நாற்காலி வெறும் நாற்காலிதான். எங்களுக்கு அப்படியில்லை. என் அம்மா பண்ணையில் வேலை பார்த்தவள். மிராசுதார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூலி நெல்லுக்காக என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். கூப்பிடுகிற வரை நிற்க வேண்டும். உட்காரக் கூடாது என்று யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. ஆனால் யாரும் உட்கார்ந்ததும் இல்லை. நான் வளர்ந்து வேலைக்குப் போனபோது நானும் அதே இடத்தில் நின்றிருக்கிறேன். ஆகையால் மகன் போட்ட நாற்காலியில் சாய்ந்தபோது, அவளுக்கும் சேர்த்துத்தான் சாய்ந்தேன்.

அதுவரை நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போனவள் நான். என் சொல்லுக்கு அத்தனை பெண்களும் இறங்குவார்கள், கரையேறுவார்கள். நான் உட்கார்ந்தபின் அவர்கள் அரிவாளும் தூக்குவாளியுமாக என் வாசலைக் கடந்துதான் வேலைக்குப் போனார்கள்.

“என்னா அத்தாச்சி, கலெக்டரு மாதிரி உக்காந்துட்டீங்க?” என்பாள் ஒருத்தி.

“மனு இருந்தா குடுத்துட்டுப் போடி” என்பேன் நான்.

சிரித்துக்கொண்டே போவார்கள். தெருமுனை திரும்பும் வரை அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும். அதன்பிறகு தெருவில் ஒன்றும் இருக்காது.

மருமகள் நல்ல பெண். அதில் பழுது சொல்ல முடியாது. நான் ஒரு டம்ளரைக் கழுவ எடுத்தால், “விடுங்க அத்த, அவரு பாத்தா என்னையத்தான் திட்டுவாரு” என்று பிடுங்கிக்கொள்ளும். துணி துவைக்க மெஷின் வந்தது. பெருக்க ஒரு பெண் வந்தாள். பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக்கூட மகனே பைக்கில் கொண்டுபோய் விட்டான். காலையில் காப்பி, பிறகு டிபன், பிறகு டிவி, பிறகு சோறு, பிறகு சாய்ந்தபடியே தூக்கம், விழித்தால் மறுபடி டிவி. அதில் யாரோ யாருக்கோ விஷம் வைப்பார்கள். மறுநாளும் அதையேதான் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

எப்போது ஆரம்பித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் கால் வீங்கியது. பிறகு குழம்பில் ருசி போயிற்று. மருமகள் உப்புப் போட மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தலை வாரப் பிடிக்கவில்லை. சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரித்தால் எனக்குக் கண்ணீர் கொட்டும். ஆனால் எங்கள் உறவில் ஒரு சாவு விழுந்தபோது போய் உட்கார்ந்திருந்தேன், ஒரு சொட்டு வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே சொன்னது. எந்த வருஷமும் முதல் தண்ணீரை மதகில் நின்று பார்க்காமல் இருந்ததில்லை நான். இந்தத் தடவை சரி என்றேன், சேனலை மாற்றினேன். காலையில் கண் விழித்தால் ஏன் விழித்தோம் என்றிருக்கும். சாக வேண்டும் என்று துடிக்கவில்லை. விழிக்காமலே இருந்திருந்தால் யாருக்கும் சிரமமில்லையே என்று மட்டும் தோன்றும்.

இதை யாரிடம் சொல்வது? வயிறு நிறையச் சோறு, தலைக்கு மேல் ஃபேன், தங்கமான மகன். இதற்கு மேல் ஒருத்தி மனசு சரியில்லை என்று சொன்னால் கொழுப்பு என்பார்கள். நானே அப்படிச் சொல்லியிருக்கிறவள்தான்.

அந்தப் புரட்டாசியில் ஒரு மத்தியானம். குறுவை அறுத்து, நெல்லைத் தெருவின் தார் ரோட்டில் நீளமாகக் காயப் போட்டிருந்தார்கள். எல்லாம் எங்கள் தெருக்காரர்கள் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்த நெல். திடீரென்று கிழக்கே கறுத்து, காற்று அடித்து, மழை இறங்கிவிட்டது. “நெல்லு! நெல்லு!” என்று ஒரே கூச்சல். அவரவர் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். யார் நெல், எவர் நெல் என்று பார்க்காமல் குவிக்கிறார்கள். என் மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு, நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியது. எதிர் வீட்டில் கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்த கிழவர்கூட ஒற்றைக் காலில் வந்து தார்ப்பாயின் முனையைப் பிடித்தார்.

நான் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நெல் தண்ணீரோடு சேர்ந்து ரோட்டோரம் ஓடி வாய்க்காலில் விழுந்தது. ஒரு பெண் முந்தானையை விரித்து அதைத் தடுத்துப் பார்த்தாள். ஐயோ என்று என் வாயில் வரவில்லை. எழுந்திருக்க முடியாமல் போனதல்ல. எழ வேண்டும் என்று தோன்றவே இல்லை. டிவியில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்டபின் உள்ளே வந்த மருமகள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டது. “அத்த, என்னா பண்ணுது?” என்று கேட்டது. ஒன்றும் பண்ணவில்லை என்றேன். அதுதான் நோய் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. நெல் நனைவதைச் சும்மா பார்த்தவள் நான் இல்லையே, வேறு யாரோ என்னுள் வந்து உட்கார்ந்துவிட்டார்களே என்று மட்டும் பயம் வந்தது.

சொந்தக்காரர்கள் கண் பட்டுவிட்டது என்றார்கள். மாடி வீடு, அதில் அப்படி ஒரு நாற்காலி, கண் படாமல் என்ன செய்யும் என்றார்கள். மந்திரித்து முடிகயிறு கட்டினார்கள். பக்கத்து டவுனில் ஒரு டாக்டர் சத்து இல்லை என்று குளுக்கோஸ் ஏற்றினார். படுத்தபடி ஏற்றிக்கொண்டேன். கடைசியில் தஞ்சாவூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மகன் கூட்டிப்போனான். அங்கே ஒரு டாக்டரம்மா. என் மகளாக இருந்திருக்கலாம், அந்த வயசு.

“காலைல எந்திரிச்சு என்னம்மா பண்ணுவீங்க?”

“காப்பி குடிப்பேன்.”

“அப்புறம்?”

“உக்காந்திருப்பேன்.”

“அப்புறம்?”

“மருமவ டிபன் குடுக்கும். சாப்புட்டு உக்காந்திருப்பேன்.”

“வீட்ல ஏதாச்சும் வேலை?”

“ஒரு துரும்பத் தூக்க விடமாட்டாங்க. எம்மவன் என்னைய அப்படி வெச்சிருக்கான்.”

நோயாளியாக வந்திருப்பதை மறந்து, நிமிர்ந்து சொன்னேன். பின்னால் நின்ற மகனும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தது.

“முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?”

“நடவு, களையெடுப்பு, அறுப்பு. இறங்குனா பொழுது சாய்ற வரைக்கும் குனிஞ்ச தலை நிமிர மாட்டேன்.”

“அப்படி இருந்த உடம்ப ஒரே நாள்ல நிறுத்திட்டீங்களா?”

“வயசானா ஓய்வு வேணாங்களா?”

“ஓய்வு வேணும்மா. அசையாமலே கெடக்குறது ஓய்வு இல்ல” என்றது அந்தம்மா. பிறகு என் மகனைப் பார்க்காமல் என்னிடமே சொன்னது. இது மனதில் வருகிற நோய்தான், நிறையப் பேருக்கு வருகிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து மனசு அமுங்கியதா, மனசு அமுங்கியதால் எழ முடியாமல் போனதா என்று தன்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். மாத்திரை ஒரு பக்கம் பிடிக்கட்டும், நீங்கள் ஒரு பக்கம் பிடியுங்கள்.

“பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரையாம்மா இது?” என்று கேட்டேன்.

“பிரஷருக்குக் குடுக்குறாங்கள்ல, அது மாதிரி இது ஒரு மாத்திரை. நீங்களா நிறுத்தக் கூடாது. தினம் கொஞ்சம் நடங்க.”

திரும்பும் வழியிலேயே மகன் எனக்கு ஷூ வாங்கிவிட்டான். வெள்ளையும் ஊதாவுமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவதுபோல. நடக்கிறதுதானே, நான் நடக்காத நடையா என்று நானும் தெம்பாகத்தான் இருந்தேன்.

நடக்கத்தான் முடியவில்லை. காலால் அல்ல, ஊரால்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் எதிரே வந்தால் எங்கே என்று கேட்க வேண்டும். கேட்காமல் போனால் பகை என்று அர்த்தம். கேட்டால் பதில் இருக்க வேண்டும். கடைக்கு, கோயிலுக்கு, கருமாதிக்கு என்று எதையாவது சொல்ல வேண்டும். காரணமில்லாமல் ரோட்டில் போகிறவர் எங்கள் கணக்கில் இரண்டே வகை. ஒன்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர், இல்லையென்றால் புத்தி பிசகியவர். டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம்தான். என்ன வியாதி என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நான் என்ன சொல்வேன்?

“எங்க, ஜோரா ஷூவெல்லாம் போட்டுக்கிட்டு?”

“ரேஷனுக்கு.”

“இன்னைக்கு ரேஷன் லீவாச்சே அத்தாச்சி!”

மறுநாள் கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டேன். கோயிலுக்கு என்றேன். நடை சாத்தி வெகுநேரம் ஆயிற்று என்றார்கள். இன்னொரு நாள் ஆட்டைத் தேடிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்களிடம் ஆடே கிடையாது. கேட்டவர் பாவம், நல்ல மனிதர், என்ன நிறம் என்று விசாரித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே தேடி வந்தார். வெட்கத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

வாரம் முடிவதற்குள் மருமகளிடம் ஒருத்தி கேட்டேவிட்டாள். “உங்க மாமியா கோச்சுக்கிட்டு ரோட்ல திரியிறாங்களாமே, என்னா சண்ட?” அது அழுதுகொண்டே வந்து சொன்னது. ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். மாத்திரையை மட்டும் விடவில்லை. அதை உட்கார்ந்தபடியே விழுங்கலாம்.

ஐப்பசி பிறந்து, குறுவை அறுத்த வயல்களில் தாளடி நடவு நடந்தது. இப்போது எல்லாம் மிஷின் நடவுதான். ஆனால் வயலின் மூலைகளில் மிஷின் திரும்பாது, நடுவிலும் அங்கங்கே நாற்று விழாமல் பொக்கையாகக் கிடக்கும். அதைக் கையால்தான் நட வேண்டும். என்னோடு பல காலம் நட்ட ஒருத்தி, என்னை விடக் கொஞ்சம் இளையவள், அவள் மகன் குத்தகைக்கு எடுத்த வயலில் அந்த வேலை கிடந்தது. ஒரு காலை என் வாசலில் வந்து நின்றாள்.

“எந்திரிங்க அத்தாச்சி. மூலையெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. ஆளு கெடைக்கல.”

“எம்மவன் கோவிச்சுக்குவான்டி.”

“அவரு பள்ளிக்கூடத்துல தப்புப் பண்ணுன புள்ளைய முட்டி போட வெப்பாரு. நீங்க என்னா தப்புப் பண்ணுனீங்கன்னு இப்புடி உக்கார வெச்சிருக்காரு?”

“போடி, வாயப் பாரு.”

அவள் போகவில்லை. வாசல்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டு, போகிற உத்தேசமே இல்லாமல் நின்றாள். எனக்கு ஆசை வந்து எழுந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளை அனுப்ப வேறு வழி தெரியாமல்தான் எழுந்தேன்.

சேற்றில் இறங்கியதும் மனசு பூத்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். குளிர்ந்தது. முட்டி நொந்தது. ஒரு மூலை முடிப்பதற்குள் மூச்சு வாங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். “உக்காந்து பழகிட்டீங்க, வரப்பும் உங்களுக்கு நாற்காலிதான்” என்று அவள் சிரித்தாள். எனக்குப் பதில் சொல்லவும் சலிப்பாக இருந்தது. அப்போது அவள் நட்டிருந்ததைப் பார்த்தேன். நாற்றைச் சும்மா செருகிவிட்டு, வேர் பிடிக்காமல் சாய்ந்து கிடக்க, அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“நடுறியா, இல்ல பூச்சட்டியில குச்சி நடுறியாடி? புடுங்கி ஒழுங்கா நடு!” என்று கத்தினேன்.

அக்கம்பக்கத்து வயலே திரும்பிப் பார்த்தது. அவளும் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்திருந்தது. அது வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாளும் போனேன். இரண்டாம் நாள் மகனிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். வாசலில் பைக் இன்ஜினை அணைக்கக்கூட இல்லை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்தினான்.

“நான் என்ன ஒனக்குச் சோறு போடலையா? நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல கேப்பாங்க, ஒங்கம்மா கூலிக்குப் போறாங்களாமேன்னு. எம்மாமனாரு ஊருக்குத் தெரிஞ்சா என்னா ஆவுறது? இத்தன கஷ்டப்பட்டு மேல வந்தது எதுக்கு?”

“கூலிக்குப் போவல.”

“சேத்துல எறங்குனியா இல்லையா?”

“எறங்குனேன்.”

“அப்புறம் என்னா? உக்காரும்மா, உக்காரு. ஒன்னையக் கும்புட்டுக் கேக்குறேன்.”

அவன் கண் கலங்கியிருந்தது. அவன் அப்பா இறந்தபின் நான் ஒருத்தி நட்டும் அறுத்தும்தான் அவனைப் படிக்க வைத்தேன். அந்தச் சேற்றிலிருந்து என்னை எடுத்து உட்கார வைத்தால்தான் அவன் படித்ததற்கு அர்த்தம். அது எனக்குப் புரியாமலில்லை. அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. அன்று திறந்தேன்.

“தம்பி, அன்னைக்கு ரோட்டுல நெல்லு நனைஞ்சுதுல்ல. நான் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணும் தோணல.”

“அதுக்கு?”

“ஒண்ணுமே தோணலடா. ஊரு நெல்லு வாய்க்கால்ல போவுது, எனக்கு ஒண்ணும் தோணல. நாளைக்கு ஒம் புள்ள மாடியிலேருந்து விழுந்தாலும் இப்புடித்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பனோன்னு பயமா இருக்கு. நீ போட்ட சோத்துல கொறையில்ல. நான்தான் கொறஞ்சுக்கிட்டே வர்றேன்.”

அவன் இன்ஜினை அணைத்தான். வெகுநேரம் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். மருமகள் கதவோரம் நின்றது.

“ஊர்ல கேட்டா நான் என்ன சொல்றது?” என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

“கேக்குறவன எங்கிட்ட அனுப்பு.”

அவன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டான். நான் போனேன். நடவு முடிந்தபின், என்னைக் கூப்பிட வந்தவள் கூடவே களைக்கும் போனேன். எடுக்கிறது கொஞ்சம், வரப்பில் கிடப்பது அதிகம். போகாத நாளும் உண்டு. காரணமே இல்லாமல் நெஞ்சில் பாறாங்கல் ஏறினாற்போல் கிடக்கிற நாள் அது. மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள், நிறுத்தவில்லை. டாக்டரம்மா நல்லது என்றது, இன்னும் ஆகும் என்றும் சொன்னது.

கேட்பவரும் வந்தார், வேறு யாருமில்லை, சம்பந்தியேதான். சீர்காழியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கொல்லைப்புறமாக வராமல், வேண்டுமென்றே முன்வாசலால் வந்தேன். முழங்கால் வரை சேறு.

“எங்க சம்பந்தி போயிட்டு வர்றீங்க, இந்தக் கோலத்துல?”

“வயலுக்கு. களை எடுக்க.”

அவர் என் மகனைப் பார்த்தார். மகன் போனைப் பார்த்துக்கொண்டே, “டாக்டர் சொல்லியிருக்காங்க மாமா. அசைஞ்சாத்தான் நல்லதாம்” என்றான். வயலைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொன்னதில்லை, நடக்கத்தான் சொன்னது. நான் மறுக்கவில்லை. ஊருக்குச் சொல்ல அவனுக்கும் ஒரு வார்த்தை வேண்டும்.

“என்னா வியாதிக்கு?” என்று விடாமல் கேட்டார் சம்பந்தி.

“மனசு கெட்டுப் போச்சு. உக்காந்து உக்காந்து” என்றேன்.

சம்பந்தி ரிட்டையர் ஆனவர். நாளெல்லாம் போனும் கையுமாகக் கட்டிலில் கிடக்கிறார், எரிந்து விழுகிறார், சாப்பிடுவதில்லை என்று அவர் சம்சாரம் என் மருமகளிடம் சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன். அவர் என் காலில் இருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தூக்கம் வருதா உங்களுக்கு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“சில நாள் வருது. உங்களுக்கு?”

அவர் தன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் கால் கழுவப் போனேன்.

மறுநாள் விடிந்தபோது உடம்பை அடித்துப் போட்டதுபோல் இருந்தது. வெளியே தூறல். எழ மனமில்லை. களைக்குக் கூட வருகிறவள் வாசலில் வந்து கூப்பிட்டாள், தொண்டை கிழியக் கூப்பிட்டாள். வராவிட்டால் உள்ளே வந்து இழுப்பேன் என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே கிடந்தேன். அப்புறம் எழுந்தேன்.